150 போட்டால் 30 ஏன் வருகிறது?

கேள்வி: ஒரு சார்புக்குப் பின் அதன் நேர்மாறைப் போட்டால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும் என்று படித்தேன். ஆனால் 150°-க்கு சைன் எடுத்து, அந்த விடைக்கு சைன் நேர்மாறு எடுத்தால் கால்குலேட்டர் 30° என்கிறது. இது ஏன்? ஒரு முக்கோணவியல் சார்புக்கு நேர்மாறு காண்பது எப்படி?
— பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

பதில்: கால்குலேட்டர் சொல்வது சரிதான். 30°, 150°, 390° எதற்கு சைன் எடுத்தாலும் 0.5 தான். 0.5 என்ற விடையை மட்டும் கொடுத்து, எந்தக் கோணத்திலிருந்து வந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஒரு விடைக்கு ஒரே ஒரு கோணம் இருந்தால்தான் நேர்மாறு உண்டு. 3, −3 இரண்டின் வர்க்கமும் 9 என்றாலும், வர்க்கமூலக் குறி போட்டால் 3-ஐ மட்டும் எடுக்கிறோமே, அதே ஏற்பாடுதான் இங்கும்.

சைனுக்கு −90° முதல் 90° வரையுள்ள கோணங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இதற்குள் சைன் −1 முதல் 1 வரை ஏறிக்கொண்டே போகும். எந்த மதிப்பும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது. கொசைனுக்கு இந்த எல்லை உதவாது. −60°, 60° இரண்டுக்கும் அதே 0.5; குறை எண்ணோ வரவே வராது. அதனால் அதற்கு 0° முதல் 180° வரை. டேஞ்சன்ட்டுக்கு −90°-க்கும் 90°-க்கும் இடையே, முனைகளைச் சேர்க்காமல். இந்த எல்லைக்குள் விழும் கோணத்தைத்தான் முதன்மை மதிப்பு என்கிறோம். 150° சைனின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதே மதிப்புள்ள 30° உள்ளே இருக்கிறது.

இனி நேர்மாறு காணும் முறை. கோணத்தை இரட்டித்து, சைன் எடுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டும் ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும்: 1 கழியுங்கள், 3-ஆல் வகுங்கள், சைன் நேர்மாறு எடுங்கள், பாதியாக்குங்கள். விடை 2.5 என்றால் 1.5, 0.5, 30° என்று வந்து 15°-இல் முடியும். எல்லையையும் எழுத மறக்காதீர்கள். இந்தச் சார்பின் மதிப்பு −2-க்கும் 4-க்கும் வெளியே போகாது. நேர்மாறு தரும் கோணம் −45° முதல் 45° வரைதான். எல்லை எழுதாத நேர்மாறு முழு விடை ஆகாது.

தேர்வுக்கு மட்டுமல்ல, அளவெடுக்கும் வேலைக்கும் இது முக்கியம். 3, 5, 7 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தில் 7-க்கு எதிர்க்கோணம் 120°. சைன் சூத்திரத்தின் வழியே அந்தக் கோணத்தைத் தேடினால் 0.866 கிடைக்கும், கால்குலேட்டர் 60° காட்டும். அதை அப்படியே எழுதினால் தப்பு. கொசைன் சூத்திரத்தில் −0.5 வரும், கொசைன் நேர்மாறு நேராக 120° கொடுத்துவிடும். முக்கோணத்தின் எந்தக் கோணமும் 0°-க்கும் 180°-க்கும் இடையில்தான் இருக்கும். கொசைன் நேர்மாறின் எல்லையும் அதுவே. மூன்று பக்கமும் தெரிந்திருந்தால் கொசைனையே நம்புங்கள்.