காற்று நின்றதும் கதவைத் திறக்காதீர்கள்: வேதாரண்யம் கடற்கரைக்கு ஐப்பசி முன்னறிவிப்பு

புரட்டாசி முடியப்போகிறது. குளங்களின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கிழக்குப் பக்கத் தெருக்களில் அடிபம்பு அடித்தால் வருவது உவர்நீர். நான் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறவன். ஆவணிப் பக்கங்களில் பெரும்பாலும் வெறும் கோடுதான். இந்த நிலையில் டீக்கடைக்குப் போனாலும் சரி, வலை பின்னுகிற இடத்துக்குப் போனாலும் சரி, ஒரே பேச்சு காதில் விழுகிறது: "ஒரு புயல் வந்தாத்தான் தம்பி, தண்ணிப் பஞ்சம் தீரும்."

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மாநிலத்துக்குச் சுமார் 44 செ.மீ. கிடைக்க வேண்டிய காலத்தில் 17 செ.மீ.கூடக் கிடைக்கவில்லை. அதே பருவத்தில், டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. நம் தென்னைகளைத் தின்ற கஜா வந்த 2018-இலும் பருவமழை இயல்பைவிட 24 சதவீதம் குறைவு. அடுத்த கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. வறண்ட ஆண்டில் புயல் வராது என்பது பொய். புயல் வந்தால் வறட்சி போகும் என்பதும் பொய். 2008-இல் நிஷா வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. கொட்டியது; காற்று அவ்வளவு இல்லை. கஜா காற்றோடு வந்தது, வேகமாகக் கடந்து போய்விட்டது. எது எதைக் கொண்டுவரும் என்று வேண்டிக்கொள்கிறவர் தீர்மானிக்க முடியாது.

முதலில் தண்ணீர். நம் மணல்மேட்டின் அடியில் நல்ல நீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நல்ல நீர் தாங்கி நிற்கும். கணக்கு திரும்பியும் வேலை செய்யும். மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். அதனால்தான் போரில் இரவு முழுக்க மோட்டார் ஓட விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அரை மணி இறையுங்கள், நிறுத்துங்கள், ஊற விடுங்கள். மல்லிகைக்கு இறைக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக் குடிநீரை உப்பாக்காதீர்கள். ஒருமுறை உப்பேறிய ஊற்று ஒரு மழையில் திரும்பாது.

மழைநீரைப் பிடிக்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஐந்நூறு சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 450 லிட்டருக்குமேல் விழுகிறது. முதல் மழையைக் கழுவிவிட வேண்டும், அடுத்ததைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். ஆனால் புயலடிக்கும்போது முற்றத்தில் அண்டா, குடம் வைக்காதீர்கள். கடலிலிருந்து காற்று அள்ளிவரும் திவலையில் உப்பு இருக்கும். கஜா போன மறுநாள் நம் வேப்ப இலைகள் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகியிருந்ததே, அது அந்த உப்புதான். அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

வழக்கமான வேலைகள். தென்னையில் முற்றிய குலையை இறக்குங்கள், காய்ந்த மட்டையை வெட்டுங்கள். வாழைக்கு முட்டு. தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கம்பி இழுத்துக் கட்டு. அள்ளிய உப்பை அம்பாரமாக்கிக் கீற்று போர்த்துங்கள். படகை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள், இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள். ரேஷன் அட்டை, பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள். டார்ச், தீப்பெட்டி, ஒரு வாரத்து மாத்திரை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கடைசி நாள் வழக்கமாக நவம்பரில் வருகிறது, புயலும் நவம்பரில்தான் வருகிறது: 1977 நவம்பர் 12, 2008 நவம்பர் 27, 2018 நவம்பர் 16. தேதிகளைப் பார்த்தும் புரியவில்லை என்றால் நான் வேறென்ன சொல்ல?

மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாழ்வு மண்டலம்தானே, புயல் ஆகட்டும் பார்க்கலாம் என்று கடலில் நிற்காதீர்கள். 2017-இல் ஒக்கி குமரிக் கடலில் நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை புயல். கரைக்கு அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சீக்கிரம். திரும்பாதவர்கள் எத்தனை குடும்பங்களில் என்பது கரையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இனி நான் எதற்காக இதை எழுத உட்கார்ந்தேனோ அது. புயலின் நடுவில் ஒரு கண் இருக்கிறது. கண்ணுக்குள் காற்று இல்லை. கண் நம் ஊரைக் கடக்கும்போது, அவ்வளவு நேரம் வடக்கிலிருந்து அறைந்த காற்று சட்டென்று நின்றுவிடும். மழையும் விடலாம், நட்சத்திரம்கூடத் தெரியலாம். புயல் போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை. பாதிதான் போயிருக்கிறது. அடுத்த பாதி நேர் எதிர்த் திசையில், தெற்கிலிருந்து வரும். வாடையில் தொடங்கிச் சோழகத்தில் முடிப்பதுதான் நம் கரையில் நேராக ஏறுகிற புயலின் வழக்கம்.

கஜா இரவில், நள்ளிரவு தாண்டியபிறகு, என் சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்தமானியின் முள் நான் அதுவரை பார்க்காத இடத்துக்கு இறங்கி நின்றது. அப்போதுதான் காற்று ஓய்ந்தது. காது அடைத்துக்கொண்ட மாதிரி அமைதி. தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சங்கள். "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். நான் ஜன்னலோரம் நின்று கத்தினேன்: உள்ளே போங்க, இன்னும் இருக்கு. மூன்றாவது வீட்டு அக்கா முற்றத்தில் மழைத்தண்ணீருக்காக வைத்திருந்த குடங்களை எடுக்கப் போனார். அந்த வருடமும் தண்ணீர்ப் பஞ்சம்தானே. இரண்டு குடம் உள்ளே வந்துவிட்டது. மூன்றாவதைத் தூக்கும்போது தெற்கிலிருந்து ஒரே வீச்சு. வடக்குக் காற்றில் ஆடி ஆடி வேர் தளர்ந்திருந்த தென்னை அவர் காலின்மேல் சாய்ந்தது. ஊருக்குள் ஆம்புலன்ஸ் வர வழியில்லை, ரோடு முழுக்க மரம். கட்டிலில் கிடத்தித்தான் தூக்கிப் போனோம். இன்றைக்கும் அவர் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அந்தத் தண்ணீரும் உப்புக் கரித்தது.

மறுபடியும் சொல்கிறேன். காற்று நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மாட்டை அவிழ்க்கப் போகாதீர்கள். கூரையை எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். படகைப் பார்க்கக் கரைக்குப் போகவே போகாதீர்கள். "அஞ்சு நிமிஷம்தானே" என்பீர்கள். கண்ணின் விளிம்பு மட்டும் உரசிப்போனால் அமைதி பத்து நிமிடம். நடுமையமே கடந்தால் ஒரு மணி நேரம்கூட இருக்கலாம். உங்கள் ஊருக்கு எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாடைக்குப் பயந்து தெற்குப் பக்கக் கதவையோ ஜன்னலையோ திறந்து வைத்திருந்தால், உள்ளேயிருந்தே அதைத் தாழிடுங்கள். சோழகம் அந்த வழியாக நுழைந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கிவிடும்.

உண்மையாகவே ஓய்கிற காற்று இப்படிச் சட்டென்று நிற்காது. மணிக்கணக்கில் மெல்ல மெல்லத் தணியும். தெற்கிலிருந்து அடித்துத் தணிந்தால்தான் முடிந்தது என்று பொருள். புயல் மையம் உங்கள் ஊருக்குத் தெற்கே கடந்தால் இந்த அமைதி வராது. வாடை கொண்டலாகி, அதாவது கிழக்குக் காற்றாகி, அப்படியே தெற்கே திரும்பும். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் கடல் ஏறும். ஆகவே மையத்துக்கு வடக்கே இருப்பவர்கள் முன்னாலேயே கரையை விட்டுப் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்காருவது அவர்களுக்குப் பொருந்தாது.

புயல் போனபிறகு, கடல்நீர் புகுந்த கிணற்றை மறுநாளே மோட்டார் வைத்து ஒட்ட இறைக்காதீர்கள், பக்கத்து உப்பும் உள்ளே வந்துவிடும். கொஞ்சமாக இறைத்து, மழை கழுவ விடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியை, மின்சாரம் இல்லை என்று தெரிந்தாலும், தொடாதீர்கள்.

அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. உங்கள் தெருவில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். கண்ணைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.