மாட்டுங்கா அணியில் சேர்ந்த தாராவித் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கல்லூரிக் கால்பந்து அணியில் உன்னை எடுத்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் ஏதாவது கிளப் கூப்பிட்டால் படிப்பை விட்டுவிடுவேன் என்று நீ 90 அடி ரோட்டில் சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. மாட்டுங்காவில் ரூயா, கால்சா கல்லூரிகள் தொடங்கிய அதே 1937இல்தான், பம்பாயின் ரோவர்ஸ் கால்பந்துக் கோப்பையை முதன்முறையாக ஓர் இந்திய அணி வென்றது. அது பெங்களூர் முஸ்லிம்ஸ். 1891இலிருந்து வெள்ளைக்காரர்கள் கையிலேயே இருந்த கோப்பை அது!

படிப்பை விடாமல் ஆடிய தாலிமெரென் ஆவ் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள். நாகா மலையிலிருந்து கல்கத்தாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவர். படித்துக்கொண்டே மோகன் பகான் கிளப்புக்கு ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் கேப்டன் அவர்தான். நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஆவ் திரும்பி வந்து படிப்பை முடித்தார், சொந்த மண்ணில் டாக்டராக வேலை பார்த்தார். 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமியும் கல்கத்தா பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்தான்.

கிளப்பின் கதை வேறு. நம் மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2006இல் தேசிய லீக் சாம்பியன். 2010இல் அணியையே கலைத்துவிட்டார்கள். ஆட்டக்காரன் கோல் அடித்தாலும் அவன் வேலையை முடிவுசெய்வது கம்பெனிதான்.

இனி உன் ஆட்டம். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் தண்ணீர்க் குடம், ஸ்கூட்டர் என்று இருக்கும் சந்தில் பழகிய கால் உன்னுடையது. நெருக்கத்தில் உன்னிடமிருந்து பந்தைப் பறிப்பது கஷ்டம். அதை எந்தக் கோச்சையும் மாற்றவிடாதே. ஆனால் பெரிய மைதானத்திலும் பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுகிறாய். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார். ஜூலை மழையில் சேறான மைதானத்தில் உருட்டிவிட்ட பாஸ் பாதியிலேயே நின்றுவிடும், தூக்கிப் போடப் பழகு.

சீனியர்கள் உனக்குக் கற்றுத்தருவதை அடுத்த வருடம் வரும் பையனுக்கு நீ கற்றுக்கொடு. கல்லூரி அணி இத்தனை காலம் உயிரோடு இருப்பது அப்படித்தான்.

மேட்ச் நாளுக்கான வருகைப்பதிவுக் கடிதத்தில் அன்றன்றே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். செமஸ்டர் தேதி வந்ததும் முதலில் கோச்சிடம் காட்டு.

அன்புடன்,
அண்ணன்