பன்னிரண்டு வயது ஆல்டோவைப் பராமரிப்பது எப்படி?

பத்துப் பன்னிரண்டு வயதான மாருதி ஆல்டோ பெரும்பாலும் வீட்டு வாசலில் நிற்கும் கார். கடைக்கு, கோயிலுக்கு, எப்போதாவது ஊருக்கு. “கிலோமீட்டரே ஓடலையே, எதுக்கு சர்வீஸ்?” என்று தள்ளிப்போடும்போதுதான் பெரிய செலவு தொடங்குகிறது. கார் நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், இன்ஜின் ஆயில் கெடும். பழைய காருக்குக் காலண்டரைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டைமிங் பெல்ட், பேட்டரி ஆகியவற்றைக் கடைசியாக மாற்றிய தேதியை எழுதுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

அடுத்து கூலன்ட். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அதன் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது சூடு ஏறி, ஹெட் கேஸ்கட் போகும். ஹெட் அலுமினியம் என்பதால் அதுவும் வளையலாம். பிறகு லேத், கேஸ்கட், கூலி என்று செலவு நீளும். ஆகவே ரேடியேட்டரைக் கழுவி கூலன்ட் மாற்றும்போதே மூடி, ஹோஸ், தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் டப்பாவின் அளவைப் பாருங்கள். தொடர்ந்து குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஊற்றி நிரப்பிச் சமாளிக்க வேண்டாம்.

796 சி.சி. ஆல்டோவில் டைமிங் பெல்ட் உண்டு. கே10 மாடலில் செயின். 1 லட்சம் கிலோமீட்டரை நெருங்கினாலோ, எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டாலோ, பெல்ட்டை டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் இன்ஜின் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும்.

இன்ஜின் ஆயில் ஆண்டுக்கு ஒருமுறை, பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3519 என்றால் 2019-இன் 35-ஆம் வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஆறேழு வயதான டயரை நான் நம்ப மாட்டேன்.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

பணத்துக்கு, மாதம் 1,500 ரூபாயாவது தனியாக ஒதுக்குங்கள். 1,000 சி.சி.க்கு உட்பட்ட காரின் மூன்றாம் நபர் காப்பீடு, 2022-இல் நிர்ணயித்த விகிதப்படி, ஆண்டுக்கு 2,094 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய், கூடவே பசுமை வரி. எஃப்.சி. காட்டும் வேலையும் சேரும் என்பதால் அந்த ஆண்டுக்கு முன்பிருந்தே சேர்த்து வையுங்கள்.

கையில் காசு குறைவென்றால் பிரேக், டயர், கூலன்ட் முதலில், கிளட்ச், சஸ்பென்ஷன் பிறகு, பெயின்ட் கடைசி. துரு மட்டும் விலக்கு. மழைக்காலத்துக்கு முன் கதவுகளின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள், மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடமே துருவேறி உள்வாங்கினால், அந்தக் காரில் இனிப் பணம் போடாதீர்கள்.