வளவில் வந்த இளவேனில்

பெரும்பொழுது ஆறனையும் கற்பிக்கும் நாளில், "ஐயா, வத்தளையில் இளவேனில் உண்டா?" என்று மாணாக்கர் எம்மை வினவுவதுண்டு. அப்பொருள்பற்றிக் கட்டுரை வரையச் சொன்னால், பனி உருகுதலையும் தாம் காணாத மலர்களையும் எழுதித் தருவர். தம் வேலியிற் பூத்து நிற்கும் முள்முருக்கை எழுதார். குறை அவருடையது மட்டுமன்று. நூலைக் காட்டிய நாம் முற்றத்தைக் காட்டினோமல்லோம். அக்குறையை இக்கட்டுரையிலேனும் தீர்க்க முயல்வோம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நூல் வழக்கு. களனி கங்கைக்கு வடபால், கடலுக்கும் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்துக்கும் அணித்தாயுள்ள எம்மூரில் அதன் குறிகள் முன்னரே தோன்றும். மாசியில் இலையுதிர்த்த முள்முருக்கு செந்நிறப் பூவேந்தும். மாமரத்திற் பூவுதிர்ந்து வடு தோன்றும். மரமுந்திரி பழுக்கும். பங்குனியிற் கிணற்றடி மரத்திலிருந்து குயில் கூவும்.

குயிலைப் பற்றி ஒன்று கூறவேண்டும். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என ஒரு பகுதியுண்டு. தலைவன் குறித்த பருவம் வந்தும் அவன் வாராமையால் தலைவி வருந்துவதே அதன் பொருள். ஆண்டுப் புலவர் பெடைக்குயிலின் குரலைச் சொல்வர். நம் வளவில் நீள விட்டுக் கூவுவதோ கரிய சேவல். புள்ளியுடைய பெடை குறுகிய ஒலியை விரைந்து எழுப்பும்; தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடும். நூலையும் மரத்தையும் ஒருங்கே நோக்குவார்க்கே இவ்வேறுபாடு புலனாகும்.

வருகை மட்டுமன்றிப் பிரிவும் ஒரு குறியாம். ஐப்பசியளவில் இந்தியாவிலிருந்து வந்து, காலையும் மாலையும் குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவி, சித்திரையளவில் வடக்கே மீளும். ஒரு மாலை அக்குரல் கேளாதொழியின், அதுவும் இளவேனிலின் அறிவிப்பே.

காரணம் யாது? வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்தபின், தென்மேற் பருவக்காற்று மே மாத இறுதியளவில் வலுக்கும்வரை உள்ள இடைக்காலம் இது. ஏப்பிரல் முற்பகுதியில் நண்பகற் கதிரவன் கொழும்புப் பகுதிக்கு நேர் உச்சியில் நிற்கும். முற்பகலில் வெயிலும் பிற்பகலில் இடியொடு மழையும் மாறி வரும். நூல்கள் இளவேனிலை அடுத்து முதுவேனிலை வைக்க, எம்மூரில் அதனை அடுத்து வருவது பெருமழை. ஆதலின் நம் இளவேனில் உண்டு. ஆயின் அது நமக்கே உரியதொன்று.

வேம்பு யாழ்ப்பாண முற்றங்களுக்கு இயல்பான மரம். ஈரவலயமாகிய இவ்விடத்து அரிது. வேப்பம்பூவை நூலிற் படிக்கும் சிறுவன் அதனைக் காணாதிருத்தல் வியப்பன்று. ஆயின் முள்முருக்கும் அவன் கண்ணுக்கு மறையின், அஃது இழப்பேயாம். உயிர்வேலி இருந்த இடங்களில் மதில் எழுகின்றது. முற்றத்துக்குக் கொங்கிறீற்று இடுகின்றோம். மரம் போயபின் அதன் பெயர் நாவில் நிற்பது அரிது. பெயர் போயபின் பாட்டு விளங்குவதும் அரிது. தமிழாசிரியராகிய எமக்கு இதுவே கவலை.

ஆகவே மாணவர்காள், வரும் மாசி முதல் ஒரு கொப்பியில் நாள் குறித்து எழுதுங்கள்: முதற் பூ எந்நாள், முதற் குயில் எந்நாள், ஆறுமணிக் குருவியை இறுதியாகக் கேட்டது எந்நாள் என்று. பத்தாண்டு தொடரின் அஃது உங்கள் ஊரின் பருவநூலாகும். பழைய மாணவர்களே, மதில் கட்டும்போது ஒரு மரத்துக்கேனும் இடம் விடுங்கள். அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர் இளவேனிலைச் சுட்டிக் காட்டுதற்கு அஃதொன்று போதும்.