இணைய நாளிதழ் வாசிப்பில் செய்தியோடையின் பயன்

விழுப்புரம், சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐந்து ஊர்களை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பாகும். திண்டிவனமோ, சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் இடம். வெளியூரில் அச்சான நாளிதழ்க் கட்டுகள் வந்திறங்கி, பிரிந்து, சிற்றூர்தோறும் செல்வதற்கு இவ்விரு நகரங்களும் வாயில்களாக இருந்து வந்துள்ளன. தேநீர்க் கடையில் ஒரே நாளிதழின் பக்கங்களைப் பிரித்து நால்வர் வாசித்த காலத்தை நம் பெரியோர் நன்கறிவர்.

இன்று மாணவர் கையிலேயே செய்தி வருகின்றது. ஆயினும் அது எவ்வடிவில் வருகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் அது எவரோ ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்பி, அவர் இன்னொருவர்க்கு அனுப்பிய துணுக்காகவே வருகின்றது. எந்த இதழ் வெளியிட்டது, என்று வெளியிட்டது என்னும் இரண்டும் அதில் இருப்பதில்லை. நாளிதழுக்குப் பெயர் தந்ததே 'நாள்' என்னும் சொல்தான். அந்த நாளையே இழந்த செய்தியை நாம் இப்போது வாசித்துக் கொண்டிருக்கின்றோம். இக்குறையை நீக்கவல்ல எளிய கருவி ஒன்று ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக நம்மிடையே உள்ளது. செய்தியோடை எனப்படும் அதனைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ஃபீட்' எனப்படுவதைத் தமிழ் இணையத்தார் சிலர் 'ஊட்டம்' என்றனர். சிலர் 'ஓடை' என்றனர். ஊட்டம் என்பது நேர் பெயர்ப்பு. ஊட்டுவோன் ஒருவன், உண்போன் ஒருவன் என்ற பொருள் அதில் அமைகின்றது. இங்கு நிகழ்வதோ அதுவன்று. செய்தி தன் போக்கில் ஓடிக் கொண்டிருக்கும். வேண்டுவோர் சென்று முகந்து கொள்வர். ஆகவே 'செய்தியோடை' என்ற ஆக்கமே பொருத்தமானது என்பது நம் கருத்து.

பல ஓடைகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் கருவிக்குத் 'திரட்டி' என்ற பெயர் வழங்கலாயிற்று. இஃது இன்னும் சிறந்த ஆக்கம். 'திரட்டு' என்பது நம் இலக்கிய மரபில் வேரூன்றிய சொல். புறத்திரட்டு என்னும் தொகை நூல் இல்லையெனில் முத்தொள்ளாயிரத்தில் இன்று நம் கையிலிருக்கும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களை நாம் கண்டிருக்க இயலாது. மூலநூல் மறைந்தது, திரட்டியவர் கைப்பட்டது மட்டும் நிலைத்தது. இதனை மாணவர் நினைவில் இருத்துக. பின்னர் இதற்குத் தேவை உண்டு.

இதன் தொழில்நுட்ப வடிவத்திற்கு 'ஆர்.எஸ்.எஸ்.' என்பது பெயர். நம் நாட்டில் வேறோர் அமைப்பின் பெயர்ச் சுருக்கமும் இதுவேயாதலால் கேட்போர் மயங்குவதுண்டு. இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இயங்கும் முறை

நாளிதழின் இணையதளத்தில், வாசகர் காணும் பக்கங்களுக்கு அப்பால், மாறாத முகவரி கொண்ட கோப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இரண்டொரு வரிச் சுருக்கம், முழுச் செய்திக்குரிய இணைப்பு, வெளியான நாளும் மணியும் ஆகியவை அதில் இடம்பெறும். புதிய செய்தி வெளியாகுந்தோறும் அது மேலே சேரும். பழையன கீழே கழியும். படமும் விளம்பரமும் பெரும்பாலும் இரா. வாசகர் தம் கணினியிலோ கைப்பேசியிலோ திரட்டி ஒன்றை நிறுவி, அக்கோப்பின் முகவரியை ஒருமுறை தந்துவிட்டால் போதும். குறிப்பிட்ட இடைவெளிகளில் திரட்டியே சென்று பார்த்து, முன்பு காணாதவற்றை மட்டும் கொண்டுவரும்.

இவ்வளவே அதன் நுட்பம். ஆயின் இந்த எளிமையிலிருந்து விளையும் பயன்கள் சில உள. கோப்பு மிகச் சிறியதாதலால், அலைவரிசை நலிந்த சிற்றூரிலும் தலைப்புகள் விரைந்து வந்து சேரும். நாளிதழின் முகப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு ஆகும் தரவில் மிகச் சிறு பகுதியே இதற்குச் செலவாகும். செய்திகள் கால வரிசையில் நிற்கும்; இவர் இதனை விரும்புவார் என்று வேறெவரும் கணக்கிட்டு முன்பின்னாக மாற்றி வைப்பதில்லை. வேண்டாத ஓடையை ஒரு நொடியில் விலக்கிவிடலாம்.

செய்தியைப் பகிர்ந்து பெறுதல் இதழியலுக்குப் புதிதன்று. 1882-இல் கண்டியில் சித்திலெவ்வை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' ஆகிய தமிழ் இதழ்கள் வெளிவந்த காலத்தில், கப்பலில் வரும் பிற இதழ்களிலிருந்து செய்தி எடுத்து வெளியிடுவது எங்கும் வழக்கமாயிருந்தது. பின்னர்த் தந்தியும் தொலை அச்சும் வந்தன. அவையெல்லாம் இதழ் அலுவலகத்திற்குச் செய்தி கொணர்ந்த வழிகள். செய்தியோடை அவ்வசதியை வாசகரின் கைக்கே கொண்டு வந்தது.

தமிழுக்கு வந்த வரலாறு

1999-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனம் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. 2002-இல் டேவ் வைனர் வெளியிட்ட இரண்டாம் வடிவம் பரவலாயிற்று. அவ்வாண்டிலேயே நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளை ஓடை வடிவில் தரத் தொடங்கியது. தமிழ் நாளிதழ்கள் அன்று உடனே இவ்வழியில் செல்ல இயலவில்லை. அதற்கு ஒரு காரணம் எழுத்துரு.

அக்காலத்தில் நம் நாளிதழ்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டை வைத்திருந்தன. ஒன்றின் தளத்தை வாசிக்க ஓர் எழுத்துருவும், மற்றொன்றை வாசிக்க வேறோர் எழுத்துருவும் தேவைப்பட்டன. தளத்திற்குள் சென்றால் ஒருவாறு வாசிக்கலாம். செய்தியைப் பெயர்த்து வெளியே எடுத்தாலோ பொருளற்ற குறிகளாகச் சிதறும். ஓடையின் இயல்பே செய்தியைத் தளத்திற்கு வெளியே கொண்டு செல்வதன்றோ! ஐந்து இதழ்களின் ஓடைகளை ஒரு திரட்டியில் சேர்த்து வாசிக்க வேண்டுமெனில் ஐந்தும் ஒரே குறியீட்டில் இருத்தல் வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் '99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டிற்கும் தரம் காண முயன்றது. ஆயினும் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியே பின்னர் நிலைபெற்றது. 2010-ஆம் ஆண்டு தமிழக அரசும் அதனை ஏற்றது.

இதழ்கள் தயங்கி நின்றபோது தனியார் எழுத்தாளர்கள் முந்திக் கொண்டனர். 2004-இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய 'தமிழ்மணம்' திரட்டி, உலகெங்கும் சிதறியிருந்த தமிழர் ஒருங்குறியில் எழுதியவற்றை ஓடைகள் வாயிலாக ஒரே பக்கத்தில் கொண்டு சேர்த்தது. தமிழில் ஓடை என்பது இயலும் என்று காட்டிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று அது. தினமலர், பி.பி.சி. தமிழ் முதலியனவும் பின்னர் ஓடைகளை வழங்கின.

இனி, மேலே நினைவில் இருத்துக என்றதற்கு வருவோம். கூகுள் நிறுவனம் 2005-இல் தொடங்கிய 'ரீடர்' என்னும் திரட்டியைப் பலரும் இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். மூலத் தளம் அழிந்த பின்னரும் அதன் பழைய பதிவுகள் அத்திரட்டியில் தங்கியிருந்தன. புறத்திரட்டின் பணியை அது தன்னையறியாமலே செய்து வந்தது எனலாம். 2013 ஜூலை 1 அன்று அந்நிறுவனம் அதனை மூடிவிட்டது. அத்துடன் வாசகர் பலர் ஓடையையே மறந்தனர். சமூக ஊடகங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. நாளிதழ்களுக்கும் ஓடையில் நாட்டம் குறைந்தது. வாசகர் தளத்திற்கு வந்தாலன்றி விளம்பர வருவாய் இல்லை என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கைத் தவறென்று நாம் தள்ளிவிட முடியாது. ஆயினும் தலைப்பும் சுருக்கமும் மட்டும் தரும் ஓடை, வாசகரைத் தளத்திற்கு அழைத்து வருமேயன்றித் தடுக்காது. ஓடை அழிந்துவிட்டது என்போரும் உளர். நாடோறும் பலர் கேட்டு மகிழும் 'பாட்காஸ்ட்' ஒலித்தொடர்கள் இன்றும் இவ்வோடை வழியாகவே பரவுகின்றன என்பதை அவர்கள் அறியார் போலும்.

பேரிடரில் நாளும் மணியும்

இப்பயனை நம் மாவட்டத்து நிகழ்வொன்றால் விளக்குதல் தகும். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையான ஒரு நாளில் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தில் நீர்மட்டம் உயர்ந்ததால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூர் அருகே நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்தது.

இத்தகைய நாளில் 'இரயில் ஓடவில்லை' என்னும் செய்தியும் 'இரயில் ஓடத் தொடங்கியது' என்னும் செய்தியும் இரண்டுமே உண்மை. எது முந்தியது, எது பிந்தியது என்பதே வேறுபாடு. நாளும் மணியும் இன்றி இரண்டும் ஒரே வேளையில் கைப்பேசிக்கு வருமானால் ஒருவர் எதை நம்பிப் பயணப்படுவார்? அணை நீர்த் திறப்பும் அவ்வாறே. காலையில் திறந்த அளவும் மாலையில் திறந்த அளவும் மாறிப் படிக்கப்படின், ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கு விளையும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. ஓடையில் ஒவ்வொரு செய்தியும் தன் நேரத்தைத் தன்னுடனேயே சுமந்து வருகின்றது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் எச்சரிக்கைகளை ஓடை வடிவிலும் வழங்குவது இது கருதியே போலும். நாளிதழ் ஓடைகளோடு இதனையும் ஒரே திரட்டியில் சேர்த்து வைத்தல் நலம்.

மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும்

தேவையான செய்தியைக் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டி, ஓரத்தில் இதழின் பெயரும் நாளும் எழுதி வைப்பது பழைய ஆசிரியர் பலரின் வழக்கம். போட்டித் தேர்வு எழுதுவோரும் ஆய்வு மாணவரும் இன்று அப்பணியைத் திரட்டியில் செய்யலாம். ஃபீட்லி, ஐநோரீடர் போன்ற திரட்டிகளில் கட்டணமின்றியே தொடங்கலாம். நாளிதழின் முகவரியைத் தந்தாலே ஓடை இருப்பின் அவை கண்டுபிடித்துவிடும். தி இந்து போன்ற இதழ்கள் பகுதிவாரியாகத் தனித்தனி ஓடை தருகின்றன. ஆகவே விளையாட்டை விலக்கித் தமிழ்நாட்டுச் செய்தியை மட்டும் பெறுதல் கூடும். ஒரே நிகழ்வை மூன்று இதழ்கள் எவ்வாறு தலைப்பிட்டுள்ளன என்று அடுத்தடுத்து வைத்துக் காண்பது இதழியல் பயிலும் மாணவர்க்கு நல்ல பயிற்சி. எந்த இதழ் எதைச் சொல்லாமல் விட்டது என்பதும் அப்போது புலப்படும். ஒன்றை மட்டும் வாசிப்போர்க்கு இது புலப்படாது.

குறைகளும் உண்டு. தலைப்பை மட்டும் வாசித்து முழுச் செய்தியும் அறிந்ததாக எண்ணும் பழக்கம் ஓடையால் வளரக்கூடும். அடுத்த குறை நமக்கு நேரே உரியது. மாநிலச் செய்திக்கும் நாட்டுச் செய்திக்கும் ஓடை கிடைப்பது போல் விழுப்புரம் மாவட்டத்திற்கென்று தனி ஓடை கிடைப்பது அரிது. பொது ஓடையில் நூறு செய்திகளுக்கிடையே நம் ஊர்ச் செய்தி ஒன்று மறைந்து கிடக்கும். சொல்லைத் தந்து வடிகட்டும் வசதி கொண்ட திரட்டியைப் பயன்படுத்தினால் இதனை ஓரளவு தீர்க்கலாம்.

அவ்வாறு வடிகட்டும்போது நம் இலக்கணம் கைகொடுக்கும். 'விழுப்புரம்' என்று தந்து தேடினால் 'விழுப்புரத்தில்', 'விழுப்புரத்திற்கு' என வரும் செய்திகள் அகப்படா. மகர ஈற்றுப் பெயர் வேற்றுமை உருபு ஏற்கும்போது ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறும் என்பதை மாணவர் அறிவர், இயந்திரம் அறியாது. ஆகவே ஈற்று மகரத்தை நீக்கி 'விழுப்புர' என்றும் 'திண்டிவன' என்றும் 'மரக்காண' என்றும் தருக. சொல்லின் பகுதியையும் தேடும் திரட்டியாயின் இருவகை வடிவங்களும் வந்து சேரும். செஞ்சிக்கு இத்தொல்லை இல்லை. இகர ஈறாதலின் அப்படியே தரலாம். மயிலத்திற்கு மட்டும் விழிப்பு வேண்டும். 'மயில' என்று தந்தால் மயிலாடுதுறையும் மயிலாப்பூரும் உடன் வந்து நிற்கும். அதற்கு 'மயிலம்', 'மயிலத்' என இரண்டாகவே தருதல் வேண்டும்.