பித்தளை வாத்தியமும் பாலர் கல்வியும்

கல்லூரியொன்று விழாக் கொண்டாடும் நாளிலே ஊரவர் செவியில் முதற்கண் விழுவது பாண்ட் வாத்திய முழக்கமேயாம். இல்ல விளையாட்டுப் போட்டியாயினும் பரிசளிப்பு விழாவாயினும் விருந்தினரை வாயிலில் எதிர்கொண்டு அழைத்து வருவது அவ்வொலியே. ஆயினும், நம் பாடசாலைகள் பலவற்றிலே அவ்வணியில் நிற்கும் பிள்ளைகள் முரசும் மெலோடிக்காவும் ஏந்தி நிற்கக் காண்கின்றோம். டிரம்பெற், டிரம்போன் முதலிய பித்தளை ஊதுகருவிகள் விலை மிக்கவை, பயிற்றுவோரும் அரியர். குருவிட்டவைச் சூழ்ந்த றப்பர், தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு அவை எட்டாக்கனியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அக்கருவிகளைப் பாலருக்கு அறிமுகஞ் செய்யும் முறை யாதென்பதை ஆசிரியர் நோக்கிலே ஈண்டு ஆராய்வோம்.

பெயரும் இனமும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதனாற் செய்த ஊதுகருவிகள் யாவும் ஓரினத்தன என்று மாணாக்கர் எண்ணுவர். இனத்தைத் துணிதற்கு ஒலி பிறக்கும் முறையே அளவுகோலாகும். ஊதுவோரின் இதழ்கள் அதிர்ந்து, அவ்வதிர்வு குழாயினுள் நிற்கும் காற்றை ஒலிப்பிக்குமாயின் அக்கருவி இவ்வினத்தது. கத்ரி கோபால்நாத் அவர்கள் கருநாடக இசைக்கு இசைவித்துப் புகழ்பெற்ற சாக்ஸபோன் பித்தளையால் ஆயது. எனினும் அதன் ஒலி நாணற் சீவலிலே பிறத்தலின் அது வேறினம். சங்கு உலோகமன்று, எனினும் இதழதிர்வால் ஒலித்தலின் இவ்வினத்துக்கு உறவாகும்.

நம்மவர் மரபு

இவ்வினக் கருவி மேனாட்டார் தந்த புதுமை என்று கருதுவோர் உளர். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தை அவர்க்குக் காட்டுவோம். பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலின் தொடக்கத்திலேயே கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளின் வரிசை வருகின்றது. முழவு, ஆகுளி, பாண்டில் என்பவற்றோடு கொம்பும், யானை உயிர்ப்பதுபோல் ஒலிக்கும் தூம்பும் அவ்வரிசையிலே உள்ளன. நம் கோயில்களிலே கொம்பு, எக்காளம், திருச்சின்னம் என்பன வழிவழியாக முழங்கின. திருநெல்வாயில் அரத்துறையிலே பாலராகிய திருஞானசம்பந்தருக்கு இறைவன் அருளியவற்றுள் முத்துச் சிவிகையோடும் குடையோடும் சின்னமும் ஒன்று எனப் பெரியபுராணம் கூறும்.

மேனாட்டு இசையோடு நம்மவர் கொண்ட உறவும் இன்று நேற்று உண்டானதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு செய்த இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையிலே மேனாட்டு முறையில் வாத்தியக் குழு அமைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்திலே ஆங்கிலேயரின் பாண்ட் இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியிலே பக்திப் பாடல்கள் இயற்றினார் என்பர். நோட்டுஸ்வரம் எனப்படும் அப்பாடல்கள் ஏறக்குறைய 40 ஆகும். கமகமின்றி எளிமையாய் அமைந்தமையால் அவை சிறார்க்கு ஏற்றவை. அவற்றுள் ‘சியாமளே மீனாட்சி’ என்பது, மின்னும் விண்மீனை நோக்கிப் பாடும் ஆங்கிலப் பாலர் பாட்டின் மெட்டிலே அமைந்தது. கோர்னற் பழகும் பிள்ளைக்கு இதனினும் சிறந்த முதற்பாடம் வேறு வேண்டுமோ?

பயிற்றும் முறை

முதலாவது, கருவியின்றியே பாடம் தொடங்குக. இதழ்களை மெல்லச் சேர்த்து வண்டு முரல்வதுபோல் ஊதப் பழக்குக. பஸ் ஓட்டி விளையாடும் சிறுவன் இவ்வொலியை முன்னமே அறிவான்.

இரண்டாவது, தண்ணீர்க் குழாயில் ஒன்றரை மீற்றர் வெட்டி, ஒரு முனையிலே புனலைச் செருகி, மறு முனையில் ஊதுவிக்க. டிரம்பெற்றின் வளைவுகளை நிமிர்த்தினால் அதன் நீளமும் ஏறக்குறைய அதுவே. இதழை இறுக்குந்தோறும் சுரம் படிப்படியாகத் தாவி ஏறும். வால்வு இல்லாத பியூகிளில் ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப என்னும் ஐந்து சுரங்களே பெரும்பாலும் வழங்குவதன் காரணம் அப்போது தானே விளங்கும்.

மூன்றாவது, வால்வின் தொழிலைக் காட்டுக. டிரம்பெற்றின் முதல் வால்வை அழுத்தினால் சுரம் இரண்டு சுரத்தானமும், இரண்டாவதால் ஒன்றும், மூன்றாவதால் மூன்றும் இறங்கும். காற்றுச் செல்லும் வழி நீளுவதே அதற்குக் காரணம். டிரம்போனிலே குழாயை நீட்டியும் சுருக்கியும் அதே பயனைப் பெறுவர்.

முன்பற்கள் விழுந்து முளைத்து உறுதிபெற்ற பின்னரே, ஏறத்தாழ 8 அல்லது 9 வயதிலே, கருவியைக் கையில் கொடுத்தல் நன்று. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். வாயாற் பாட இயலாத சுரத்தைக் கருவியில் தேடவிடல் ஆகாது. ஊதுவாயை ஒருவர்பின் ஒருவர் பயன்படுத்துமுன் கழுவுதல் இன்றியமையாதது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இப்பகுதியிலே ஈரம் துடையாமல் மூடிவைத்த பித்தளையிலே களிம்பு ஏறும், வால்வும் இறுகிவிடும். ஆதலின் துடைத்தலும் எண்ணெயிடுதலும் பாடத்தின் பகுதியாகவே அமைக.

கொம்பும் டிரம்பெற்றும்

இவையெல்லாவற்றினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. தப்பொலி கேட்டுப் பெரட்டுக்கு எழுந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் நம் மாணாக்கர். கொம்பும் தப்பும் தாழ்ந்தவை, டிரம்பெற் உயர்ந்தது என்னும் எண்ணம் அவருட் பலர் உள்ளத்திலே வேரூன்றியுள்ளது. சாதிப் பிரிவினை விதைத்த நஞ்சு அது. கருவியைத் தாழ்வாக எண்ணும் பிள்ளை, அதனை வாசித்த தன் பாட்டனையும் தாழ்வாக எண்ணும். தோட்டக் கோயிலிலே கொம்பூதும் பெரியவர் இருப்பின், அவரை வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலியிட்டு அமர்த்தி, ‘ஐயா’ என விளித்து, ஊதிக் காட்டுமாறு வேண்டுவோம். பின்னர் அதே இதழசைவால் டிரம்பெற்றை ஒலித்துக் காட்டுவோம். இரண்டுக்கும் மூலம் ஒரே உயிர்க்காற்று என்பதைப் பிள்ளை தன் செவியாலேயே அறியும். இப்பாடம் ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் உரியது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

விழா ஆண்டிலே கல்லூரிக்கு வாத்தியம் வழங்க விழையும் அன்பர் பலர். அவர்தம் ஈகை போற்றற்குரியது. எனினும், ஆசிரியர் இன்றிக் கருவி மட்டும் வந்து சேருமாயின் அது அலுமாரியிலே உறங்கும். ஆகவே, பத்துக் கருவி வாங்கும் பொருளிலே நான்கு வாங்கி, எஞ்சியதைப் பயிற்றுவோர்க்கும் பழுதுபார்ப்போர்க்கும் ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். அந்நான்கனுள் ஒன்றேனும் தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளையின் கையிலே இருத்தல் வேண்டும். அடுத்த விழாவிலே அப்பிள்ளை ஊதும் முதற் சுரத்தைக் கேட்டு நாம் அனைவரும் மகிழ்வோமாக.