பென்சன்காரரும் நாங்களும்

2022 ஜனவரியில் விலைவாசி ஏறினபோது, அரசாங்க ஊழியருக்கும் பென்சன்காரருக்கும் மாதம் 5,000 ரூபா அறிவித்தார்கள். தோட்டக் குடும்பத்துக்கோ கிலோ 80 ரூபாப்படி 15 கிலோ கோதுமை மா!

எனது ஊர் வட்டுக்கோட்டையில் வாத்தியாராக இருந்தவருக்குச் சாகும்வரை பென்சன் வரும். நமக்கு ஒரே தடவைதான் காசு. 1,000 ரூபா சம்பளத்தில் 80 ரூபா பிடித்து, தோட்டம் 120 ரூபா போட்டுச் சேமலாப நிதிக்குக் கட்ட வேணும். வட்டி சேர்ந்தாலும், 2022 போல விலை ஏறினால் அந்தக் காசு தேய்ந்துவிடும்.

சேவைக்காலப் பணம் அப்படியல்ல. அது கடைசிச் சம்பளத்தின்படி, வருசத்துக்கு 14 நாள். 30 வருசத்துக்கு 420 நாள் சம்பளம். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேணும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆகவே அக்காமாரே, பேர் பதிந்த திகதியைத் தோட்டத்து ஆபீசில் இப்போதே கேளுங்கள். அடையாள அட்டையில் உள்ள பேரும் அங்கே உள்ள பேரும் ஒன்றா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து மாறினதால் அலைந்தவர்களை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன்.